இணைக்கொம்பின் முதல் சுழி

இணைக்கொம்பின் முதல் சுழியில் ஒரு வெட்டு இருக்கிறது என்று சேந்தன் எழுதியிருந்ததை மேகலா திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்தெல்லாம் தெரிந்தது, வெட்டைத்தான் காணோம். 'மேடம், ஐகாரக் கொம்பு இருக்குல்ல, அதோட முதல் சுழி, அடியில, இடது ஓரம். கோடு விட்டுப் போயிருக்கு. வேணும்னே விட்டதா?' கணினித் திரையில் 'மடை' என்ற சொல் அவள் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. முதலில் ம, அடுத்து இரட்டைச் சுழியாக அந்தக் கொம்பு, கடைசியில் ட. மூன்றும் ஒரே கனத்தில், தெளிந்த தண்ணீரின் நீலத்தில். சுழி முழுசாகத்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவள் வளைத்து இழுத்து மூடிவைத்தபடியே உருண்டையாக இருந்தது. இந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது, எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் அவள் புருஷன் தணிகைவேல் ஸ்கூட்டருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சினால் தகரத்தில் மழை விழுகிற சத்தம், விரலை எடுத்தால் சத்தம் அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆடியிலிருந்து அந்த வண்டி வேப்பமரத்தடியில்தான் நின்றது. சருகும் காக்கை எச்சமும் ஏறி, சீட்டின் மேல் பூனை படுத்து மாசி வந்துவிட்டது. நாளையிலிருந்து அது ஓடவேண்டும். அவளோடு ஓடவேண்டும். அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று மேகலா மறுபடி சுழியைப் பார்த்தாள். முழுசுதான்.

சேந்தன் இப்படித்தான். முதல் வரைவைக் குழுவில் போட்ட அன்றைக்கே, 'தூரத்துல வெச்சுப் பாத்தா வடைன்னு தெரியுது மேடம்' என்று எழுதியவன் அவன். உடனே ஆளாளுக்கு உளுந்து வடை, பருப்பு வடை என்று படமாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரையிலிருந்து எழுந்து சமையலறை வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தால், நிஜமாகவே வடைதான். ம-வின் இடது காலுக்கு அழகாக இருக்கட்டும் என்று மேலே ஒரு குமிழ் வைத்திருந்தாள், அந்தக் குமிழ் அதை வ ஆக்கிவிட்டது. வடை என்ற பெயரில் ஒரு மென்பொருள். வாய்க்காலில் எந்த மடை என்றைக்குத் திறக்கும், யார் வயலுக்கு எப்போது முறை என்று விவசாயிகளின் போனுக்குச் சொல்கிற மென்பொருள். லால்குடிப் பக்கத்துக்காரன் இன்பராஜ் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே இதை ஆரம்பித்தான். அவனுடைய அப்பாவும் பக்கத்து வயல்காரரும் தண்ணீர் முறைக்காக வரப்பில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களாம். சம்பளம் என்று யாருக்கும் எதுவும் கிடையாது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதினார்கள், சேந்தன் அதில் ஒருத்தன். ஷாகிதா தஞ்சாவூரிலிருந்து ஊர் ஊராகப் போய் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். மேகலா அச்சகத்தில் இருந்த காலத்தில் ஷாகிதாவின் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து வரைந்து தந்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில்தான் கார்த்திகையில் ஒருநாள் போன் வந்தது. "மேகலாக்கா, எங்க மடைக்கு ஒரு லோகோ எழுதித் தரணும். நீங்கதான் எழுதணும்." நீங்கதான் என்று ஒருத்தி சொல்லிக் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது. 'கொஞ்ச நாள் உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்போ பரவாயில்ல, எழுதித் தரேன்' என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள், உடம்பு, பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உண்மைதான்.

வெட்டு எப்படி வரும்? வர வழியில்லை. ம-வின் அடிக்கோட்டை அவள் அங்கேயே நிறுத்தாமல் கொம்புக்குக் கீழாக நீட்டி ட-வின் பாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள், ஒரு வாய்க்கால் ஓடுகிற மாதிரி. எல்லாருக்கும் பிடித்திருந்தது. சேந்தனுக்கு மட்டும், 'சுழி கோட்டுல இடிக்குது, போன்ல சின்னதாப் பாத்தா அங்க மை கொட்டின மாதிரி இருக்கு.' பார்த்தால் அவன் சொன்னது சரி. அதற்காகத்தான் மூன்றாவது வரைவில் சுழியை அடியில் வெட்டி, கொஞ்சம் மேலே தூக்கி, திரும்பவும் சேர்த்தாள். சேர்த்தாளே. சேர்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது, மகள் அபி பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், மரச்சீவல் வாசனை வந்தது, மவுஸ் ஒருமுறை டக்கென்றது, கோட்டின் இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டன. இல்லை, அது வேறு நாளோ. பென்சில் சீவியது பரீட்சைக்கு முந்தின நாள். அப்படியானால் சேர்த்தது எப்போது? டக்கென்ற சத்தம் மட்டும் எங்கிருந்து வந்தது? சேர்த்திருப்பாள். சேர்க்காமல் எழுந்திருக்கிற ஆள் கிடையாது அவள். அச்சகத்தில் அவள் பார்த்துவிட்ட தாளை முதலாளி மறுமுறை பார்க்கமாட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒற்றுப்புள்ளி விழாமல் இருந்ததை அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே தூரத்திலிருந்து பார்த்து நிறுத்தியவள். அந்தக் கண். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் டாக்டரும் சொன்னார், "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. பின்னாடி, மூளையில, வலது பக்கம்."

மூளையில் வலது பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆடி மாசம், காலையில், தோசைக்கரண்டி கையிலிருந்து விழுந்தது, எடுக்கலாம் என்று குனிந்தால் இடது கை தன்னுடையது இல்லை. கை திரும்பி வந்துவிட்டது, பேச்சு போகவே இல்லை, வாய்க்கோணலும் ஐப்பசிக்குள் சரியாகிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம், "ஒண்ணுமே தெரியலையே மேகலா, முன்னாடி மாதிரியே இருக்கியே" என்றார்கள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருத்தர் சொன்னால் அந்த வரிசை முழுக்கச் சொல்லும். தை மாசம் கண்ணுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றி எங்கேயாவது வெளிச்சப்புள்ளி மினுக்கினால் பொத்தானை அமுக்க வேண்டும். மேலே மினுக்கியது, வலது பக்கம் மினுக்கியது, அமுக்கினாள். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே மினுக்கவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தாள். அந்த நேரம் முழுக்க இடது பக்கம் கீழே மினுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தணிகைவேல் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றான், டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். "மேல நல்லாத் தேறியிருக்கும்மா. கீழ இடது மூலை அப்படியேதான் இருக்கு. பழகிக்குவீங்க. வண்டி மட்டும் வேண்டாம்." படியிறங்கி வந்தபோது அவன் மாத்திரைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு சில்லறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். பையை எடுத்துவிட்டு, "என்ன சொன்னாரு?" என்றான். "நல்லாத் தேறியிருக்காம்." "வண்டி ஓட்டலாமாமா?" அவள் "ம்" என்றாள். அதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ம் என்பது ஒரே எழுத்து. வாயைத் திறக்காமலேகூடச் சொல்லிவிடலாம்.

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்று கிக்கரை உதைக்கிற சத்தம் ஆரம்பித்தது. ஒரு உதை, ஒரு இருமல். ஒரு உதை, ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் நின்ற வண்டி சட்டென்று கிளம்பிவிடுமா. கிளம்பாமலே போகட்டும் என்று நினைத்தாள், நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஏழு மாசமாக அவன்தான் தன் பைக்கில் அபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒர்க்ஷாப்புக்கு ஓடுகிறான். கேட்டில் தாமதம், ஃபோர்மேனிடம் பேச்சு. நாளையிலிருந்து அவனுக்குக் காலை ஷிப்ட், விடிவதற்குள் போயாக வேண்டும். "டாக்டர்தான் ஓட்டலாம்னுட்டாரே, நீயே கூட்டிட்டுப் போயிடு" என்று அவன் சொன்னதில் குற்றம் ஏதும் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான். பழைய மேகலா திரும்பி வந்துவிட்டாள் என்கிற சந்தோஷம். அபிக்கும் சந்தோஷம், அப்பா பைக்கை ரொம்ப மெதுவாக ஓட்டுகிறாராம், அம்மாதான் ஓட்டவே தெரிந்தவளாம். அந்தச் சந்தோஷத்தில் மேகலாவும் உட்கார்ந்துகொண்டாள், பின்சீட்டில் உட்கார்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதாகவே தோன்றவில்லை. அதுதான் வினை. கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தால், சரி, இங்கே தெரியவில்லை என்று தெரியும். ஓட்டையே இல்லை. சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, தரையில் சதுரம் சதுரமாக மொசைக் ஓடுகிறது, எல்லாம் முழுசாக இருக்கிறது. போன வாரம் சாப்பிட்டு எழுந்தபோது அபி, "அம்மா, கூட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிக்கிற" என்றாள். கூட்டே வைக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தட்டு அவளுக்கு வெறுமையாகத் தெரியவில்லை, தட்டு தட்டாகத் தெரிந்தது. "வேண்டாம்னு வெச்சேன்" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

கண் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு உபாயம் சொல்லியிருந்தாள். "அக்கா, எதைப் பாக்கணுமோ அதை நேராப் பாக்காதீங்க. அதுக்கு இடது பக்கமா, கொஞ்சம் கீழ பாருங்க. நீங்க தேடுறது தானா மேல வந்து நிக்கும்." அவள் சின்னப் பெண், மூக்குத்தி புதுசு, சொல்லும்போது தன் மூக்குத்தியையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் செய்துகாட்டியதோடு சரி, வீட்டில் மேகலா அதைச் செய்வதில்லை. கோணல்பார்வை பார்க்கிற மாதிரி இருக்கிறது, அபி பார்த்துவிட்டால் கேட்பாள். சுழியை நேராகப் பார்த்தால் முழுசு. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள், முழுசு. திரையிலிருந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், முழுசு. வீட்டில் யாரும் இல்லை, அபி நாலாவது வீட்டில் கேரம் ஆடப் போயிருக்கிறாள், வாசலில் அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உரசிக்கொண்டிருக்கிறான். மேகலா கண்ணை இடது பக்கம் கீழே, ம-வின் முழங்காலையும் தாண்டி, திரையின் வெறும் வெள்ளையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்த கணத்தில் சுழி வாயைத் திறந்துகொண்டது. நெல் ஒன்று நுழையலாம். இரண்டு முனையும் வெட்டின வெட்டாகத் தட்டையாக, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. கண்ணை மறுபடி சுழிக்குக் கொண்டுவந்தாள், மூடிக்கொண்டது. கீழே கொண்டுபோனாள், திறந்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் மனசே கோடு போட்டு மூடியிருக்கிறது, அதுவும் அவள் கைவாகிலேயே, அவள் போடுகிற அதே வளைவில். மவுஸ் சத்தத்தைக்கூட அதுவே செய்து வைத்துக்கொண்டது. அப்படியானால் வேறு எதையெல்லாம் மூடி வைத்திருக்கிறது. தெருவில், அடுப்பில், அபியின் முகத்தில். அபி இடது பக்கம் உட்கார்ந்து அண்ணாந்து ஏதாவது சொல்லும்போது தெரிகிற அந்த முகம், அது அபிதானா, அல்லது இவள் போட்டு வைத்த அபியா.

அதற்குள் திரையில் வலது பக்கம் புதிது புதிதாக எழுத்துகள் வந்து விழுந்தன. ஷாகிதா எழுதியிருந்தாள், 'சேந்தா, அது வெட்டு இல்லடா, மடை திறந்திருக்கு! தண்ணி வெளிய வர வழி! மேகலாக்கா, அல்லாவே, எப்படிக்கா உங்களுக்கு இப்படித் தோணுச்சு? எனக்கு இப்பதான் புரியுது.' கீழே கை தட்டுகிற படங்கள். இன்பராஜ் வந்தான், அவன் எப்போதும் யோசித்து யோசித்து எழுதுகிறவன். 'நான் கவனிக்கவே இல்ல. ஆனா கவனிச்சப்புறம் அதத் தவிர வேற எதுவும் தெரிய மாட்டேங்குது. எல்லாச் சுழியும் மூடியிருக்கு, ஒண்ணே ஒண்ணு திறந்திருக்கு. எங்க அப்பாக்கிட்டப் போனைக் காட்டினேன். நம்ம பெரிய மடை மாதிரி இருக்குன்னாரு. இதையே முடிவு பண்ணிடலாமா?' யாரோ சரி என்றார்கள், இன்னும் யாரோ சரி என்றார்கள். சேந்தன், 'ஓ. அப்ப ஓகே. சூப்பர் மேடம்' என்றான். சேந்தன் வாயில் சூப்பர் வந்து அவள் பார்த்ததில்லை. இதுவரை அவன் சொன்னதெல்லாம் இடிக்குது, நெருக்குது, வடை. மேகலாவுக்குக் கன்னம் சுட்டது. நன்றி என்று ஒரு சொல் போட்டால் போதும். அதுகூட வேண்டாம், ஒரு சிரிப்புப் படம். இவர்கள் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை, ஷாகிதா தவிர, அவளும் கல்யாணத்தில் பார்த்ததுதான். பிழை என்று யாருக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க, அதாவது இடது பக்கம் கீழே பார்க்கப் பார்க்க, அது நன்றாகத்தான் இருந்தது. அவள் யோசித்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க முடியாது. ஆனியில் தண்ணீர் திறக்கும்போது வெளியிடுவார்கள், எத்தனையோ பேர் போனில் அந்தச் சுழி திறந்தபடி இருக்கும், அழகு என்பார்கள். எங்கே திறந்திருக்கிறது என்று அவளுக்கு மட்டும் நேராகத் தெரியாது.

நன்றி என்று அடித்தாள். அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு ம் சொன்னால் என்ன என்று யோசித்தபோது மருந்துக்கடை வாசல் ஞாபகம் வந்தது, பல்லில் கடித்த மாத்திரைப் பை ஞாபகம் வந்தது, அங்கிருந்து நாளைக் காலைக்கு ஓடிவிட்டது மனசு. குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டினால் வேகத்தடை, அதைத் தாண்டினால் இடது பக்கம் காய்கறி வண்டிகள், அதன் நடுவிலிருந்து குறுக்கே வருகிற நாய்கள், பால்காரர் சைக்கிள். ரயில்வே பாலத்துக்கு அடியில் இடது பக்கமாக ஒரு சந்து பிரியும், அதிலிருந்து நர்சரிப் பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு இறங்குவார்கள். எல்லாம் இடது பக்கம். எல்லாம் கீழே. போகிப் பண்டிகைக்கு முந்தின நாள் சந்தையில் அவள் காலடியில் ஒரு குழந்தை மூன்றுசக்கர சைக்கிளோடு வந்து விழுந்தது. அவளுக்கு அது வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் இருந்தது. அந்தத் தாய், "கண்ணு தெரியாதா உனக்கு?" என்று கத்தினாள். ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கத்துகிற சொல்தான். மேகலா "பாத்துக் கூட்டிட்டு வரணும்" என்று திருப்பிக் கத்திவிட்டு வந்தாள். நடந்துபோனதால் அந்தக் குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியில் போயிருந்தால். பின்னால் அபி இருப்பாள், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நெற்றியை முதுகில் வைத்துக்கொண்டு, நேற்றுப் பார்த்த கனவைச் சொல்லிக்கொண்டு. மூடின கோடு என்று நினைத்து நேராகப் போவாள் மேகலா. நேற்று வரை இதையெல்லாம் நினைத்து, நினைத்தவுடன் பழகிவிடும் என்று சமாதானம் செய்துகொள்ள முடிந்தது. டாக்டர் சொல்வதைச் சொல்வார், சோதனை இயந்திரம் பழசாக இருக்கலாம், எனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே. இப்போது நெல் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு எதிரில் இருக்கிறது. அதை எட்டுப்பேர் பார்த்தார்கள், அவள் பார்க்கவில்லை.

நன்றியை அழித்தாள். 'அது நான் யோசிச்சு விட்டதில்ல' என்று அடித்தாள். இடது கை விரல்கள் கொஞ்சம் பிந்தி வந்தன, எப்போதும் போல. 'வெட்டிட்டுச் சேக்காம விட்டுட்டேன். ஆடியில எனக்குப் பக்கவாதம் வந்துச்சு. கை கால் சரியாயிருச்சு, ஆனா இடது பக்கம் கீழ பார்வை கிடையாது. சேந்தன் சொல்லலைன்னா இப்பவும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.' பக்கவாதம் என்ற சொல்லை அவள் இதுவரை எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் ஒரு சாதாரணச் சொல் மாதிரித்தான் இருந்தது, வாதம் என்கிற இடத்தில் தர்க்கம் செய்கிற மாதிரிகூட இருந்தது. அனுப்பினாள். அனுப்பியதும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. யாரோ எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது. ஷாகிதாவாகத்தான் இருக்கும், அழுதுகொண்டு எழுதுவாள், அழுகிறவர்களுக்குப் பதில் சொல்வது பெரிய வேலை. ஆனால் முதலில் வந்தது சேந்தன். 'சரி மேடம். அப்ப மூடிடுங்க. திறந்து வைக்கணுமா வேணாமான்னு அப்புறம் நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, எங்களுக்காக வேணாம். இனிமே வரைவு போட்டா முதல்ல எனக்கு அனுப்புங்க, நான் இடது பக்கம் கீழ மட்டும் பாத்துச் சொல்லிடறேன்.' அவ்வளவுதான். ஐயோ இல்லை, கவலைப்படாதீங்க இல்லை. ஷாகிதாவின் நீளமான செய்தி அதற்கப்புறம் வந்தது, அதை மேகலா அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தாள். இன்பராஜ், 'அக்கா, எனக்கு அந்தத் திறப்பு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா உங்க லோகோ, உங்க இஷ்டம்' என்றான். கண்ணைக் கீழே இடது பக்கம் ஊன்றிக்கொண்டு, ஓரக்கண்ணால் இரண்டு முனையையும் பிடித்து, அவள் சேர்த்தாள். இந்தமுறை மவுஸ் சத்தம் கேட்டதா என்று கவனித்தாள். ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை. மூடின சுழியில் அழகு ஒரு மாற்றுக் குறைந்துதான் போயிற்று. குறையட்டும்.

அப்போதுதான் வண்டி பிடித்துக்கொண்டது. ஒரு உதையில் உறுமி, அணையப் பார்த்து, அவன் முறுக்கவும் நிலையாக ஓடத் தொடங்கியது. ஒரு வீடு இரண்டு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி ஹாரனையும் அமுக்கினான். "மேகலா! வந்து பாரு! உயிர் வந்துருச்சு!" அவள் எழுந்தாள். கதவு நிலையில் இடது தோள் இடிக்காமல் இருக்கக் கண்ணைக் கீழே சாய்த்தபடி வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்தடி முழுக்கச் சேறு. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான், முழங்கால்வரை சோப்பு நுரை. பெட்ரோல் புகை வாசனை அவளுக்குப் பிடித்த வாசனை, இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏறு. கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வா. கை பழகட்டும்."

"நான் ஓட்டல."

"ஏன், பயமா இருக்கா? நானும் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு."

அவனுக்கு இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன?" என்றான். அவள் திரும்பவும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ திரும்பியது தெரிந்தது. தணிகைவேல் சாவியைத் திருப்பினான். வண்டி நின்றதும் குவார்ட்டர்ஸே நின்றுவிட்ட மாதிரி ஆயிற்று, யார்டில் எங்கேயோ பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி நகர்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அன்னிக்கு ம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அபியை ஏத்திக்கிட்டுப் போயிருப்ப நீ நாளைக்கு."

அவன் முகம் சிவந்து, தாடை இறுகி, அவளுக்குத் தெரிந்த கோபம் வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது. கையிலிருந்த துணியைச் சேற்றில் எறிந்தான். "ஏழு மாசமா நான் என்ன கேட்டேன் உன்கிட்ட? எனக்கு லேட் ஆகுதுன்னு ஒருநாள் சொல்லியிருப்பனா?" என்றான். சொல்லியிருக்கிறான், பல நாள் சொல்லியிருக்கிறான், அதை இப்போது இழுக்கவில்லை அவள். "ஷிப்ட் மாத்திக் கேக்கணும். கேட்டாக் கொடுப்பானா தெரியாது. இல்லன்னா ஆட்டோவுக்குச் சொல்லணும்" என்று அவன் தனக்குள் பேசிக்கொண்டு குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தான். வந்து அவள் எதிரில் நின்றான். கோபம் போகவில்லை, ஆனால் அதைப் பக்கத்தில் எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு தெரியல? எனக்குக் காமி."

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தெரியுதா என்று கேட்டிருக்கிறார்கள், அதற்குத் தெரியுது என்று சொல்வதுதான் சுலபம். மேகலா அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி நின்றுகொண்டு அவன் வலது கையைப் பிடித்து, தன் இடது பக்கம் இடுப்புக்கு வெளியே கொண்டுபோனாள். பிடித்திருப்பது தெரிந்தது, ஈரம் தெரிந்தது. கை மணிக்கட்டோடு போய்விட்டது.

"பொத்தானையே பாக்கறேன். இப்ப உங்க கை இல்ல."

"விரலை ஆட்டறேன்."

"இல்ல."

அவன் கையை மெல்ல மேலே தூக்கினான். "இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

நுரை காய்ந்த இரண்டு விரல்நுனி எங்கிருந்தோ வந்து அந்தரத்தில் நின்றது. "இப்ப" என்றாள்.

தணிகைவேல் கையை அந்த இடத்திலேயே அசைக்காமல் நிறுத்திக்கொண்டு, குனிந்து தன் விரலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளியை, அதிலிருந்த வாளியை, படியை, படியோரத்தில் அபி போடாமல் விட்டுப் போயிருந்த செருப்பை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இங்கேருந்து கீழ முழுக்கவா?" என்றான்.

"முழுக்க."

அவன் கால்விரலால் செருப்பை ஓரமாகத் தள்ளினான்.